மழைக்காலத் தக்காளிக்கு எதை வாங்குவது: கடற்பாசிச் சாறா, நுண்ணுயிர்ப் பொடியா, மயில்துத்தமா?

பெங்களூரில் ஜூன் பிறந்துவிட்டால் மாடித்தோட்டம் போட்டிருக்கும் நம் வீடுகளில் பேச்சு ஒரே விஷயத்துக்கு வந்து நிற்கும். தக்காளி கீழ் இலையிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, ரோஜா இலையில் கரும்புள்ளி, நாற்று வேரோடு சாய்கிறது, என்ன அடிப்பது? நர்சரியில் போய்க் கேட்டால் இப்போது முதலில் கைக்கு வருவது கடற்பாசிச் சாறு பாட்டில்தான். ஆனேக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடும் என் மாமாவுக்கும் உரக்கடையில் அதையே காட்டியிருக்கிறார்கள். "பூஞ்சைக்கும் இதுவே போதும்கிறான்டா, மத்த மருந்தையெல்லாம் நிறுத்திடலாமா?" என்று போனில் கேட்டார். "நிறுத்தாதீங்க மாமா, எதை எதுக்கு அடிக்கணும்னு எழுதியே தர்றேன்" என்றேன். அவருக்கு எழுதியதை மாடித்தோட்டக்காரர்களுக்கும் சேர்த்து இங்கே விரித்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்பாசிச் சாறு வாங்கத் தகுந்த பொருள்தான், நானும் வாங்குகிறேன். ஆனால் பூஞ்சை நோய்க்கென்று ஒதுக்கும் பணத்தில் அது முதல் செலவாக இருக்கக் கூடாது, ஒரே செலவாக இருக்கவே கூடாது. நன்றாக இருக்கும் செடியை நோய்க்குத் தயார்படுத்துவது அதன் வேலை. வந்துவிட்ட நோயை அது விரட்டாது. இந்த ஒன்று புரியாமல் வாங்குகிறவர்கள்தான் பிறகு "காசு தண்டம்" என்று சொல்கிறார்கள்.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

எல்லாவற்றையும் பூஞ்சை என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் ஊர் வானிலையில் வருபவை வெவ்வேறு நோய்கள், ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

தக்காளியில் அடிக்கடி பார்ப்பது முன்பருவ இலைக்கருகல். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வருவது. அடி இலையில் பழுப்புப் புள்ளி விழும். உற்றுப் பார்த்தால் புள்ளிக்குள் வளையத்துக்குள் வளையம் தெரியும், சுற்றிலும் மஞ்சள் படர்ந்திருக்கும். இது கீழிருந்து மெதுவாக மேலேறும், அதனால் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

பின்பருவ இலைக்கருகல் அந்த நேரத்தைத் தராது. இலை ஓரத்தில் நீர் கோத்தது போல் கரும்பச்சைத் திட்டு வரும். அதிகாலையில் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பூசணம் இருக்கும், வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். தண்டிலும் காயிலும் கருந்திட்டு இறங்கும். இரவு குளிர்ந்து, தூறல் விடாமல் சில நாள் நின்றால் ஒரு வாரத்தில் தோட்டமே போகும். இதை உண்டாக்குவது பைட்டோப்தோரா என்ற உயிரி. 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இதேதான். உயிரியல்படி இது அசல் பூஞ்சையும் இல்லை, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய வேறு குடும்பம். திராட்சையிலும் வெள்ளரியிலும் வரும் அடிச்சாம்பல் நோய் உயிரிகளும் அந்தக் குடும்பம்தான்.

சாம்பல் நோய் வேறு, அதற்கு மழை வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகல் வறண்டு இரவு குளிரும் நாட்களில் பாகல், வெண்டை, ரோஜா இலைகளில் மேல்பக்கம் வெள்ளைப் பொடியாகப் படியும். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். நாற்றழுகலும் வாடலும் மண்ணுக்குள்ளிருந்து வருபவை. அவற்றுக்கு இலையில் எதைத் தெளித்தாலும் பெரிய பலன் கிடையாது.

இந்தப் பிரிவு தெரிந்துவிட்டாலே பாதித் தேர்வு முடிந்தது.

கடற்பாசிச் சாறு என்ன செய்கிறது

பாட்டிலைத் திறந்தால் மண்டபம், பாம்பன் கரையில் பாசி காயும் வாடை அடிக்கும். தண்ணீரில் விட்டால் டிகாக்ஷன் நிறத்தில் கலையும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு வகைப் பாசிகளில் ஒன்றின் சாறு.

முதல் வகை பழுப்புப் பாசி. உலகில் அதிகம் ஆராயப்பட்டது அஸ்கோஃபில்லம் நோடோசம். கனடாவின் நோவா ஸ்கோஷியா, அயர்லாந்து, நார்வே என்று வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த பாறைக் கரைகளில் வளர்வது. காரத்தில் வேகவைத்துச் சாறெடுக்கிறார்கள். இறக்குமதிப் பாட்டில்களில் பெரும்பாலும் இதுதான். நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சர்காசமும் பழுப்புப் பாசியே.

இரண்டாவது செம்பாசி வகையான கப்பாஃபைகஸ். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள், அதில் பெரும்பங்கு பெண்களின் உழைப்பு. பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அறுத்த ஈரப் பாசியைப் பிழிந்து சாறெடுத்து உரமாக்கும் முறையை உருவாக்கியது. பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையில் கராகீனன் என்ற கூழ்ப்பொருளை எடுக்கலாம். உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ விற்கும் சாகரிகா என்ற சாறு செம்பாசியையும் பழுப்புப் பாசியையும் சேர்த்து வருவது. ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கப்பாஃபைகஸ் நம் கடலுக்குச் சொந்தமான பாசி கிடையாது. குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் அது பரவியிருப்பதை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். பாசி வளர்ப்பு நல்ல வருமானம் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் எங்கே வளர்க்கலாம் என்ற கட்டுப்பாடு தளர்ந்துவிடக் கூடாது என்பது என் ஆசை.

சரி, நோய்க்கு வருவோம். செடிக்கு உடம்பெங்கும் சுற்றிவரும் எதிர்ப்பணுக்கள் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பூஞ்சை இலையைத் துளைக்க முயலும்போது அதன் சுவரிலிருந்து துணுக்குகள் உதிரும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் அந்தத் துணுக்கை அடையாளம் கண்டதும் செடி தற்காப்பைத் தொடங்கும். பழுப்புப் பாசியில் லாமினாரின் என்ற சர்க்கரைத் தொடர் இருக்கிறது. பூஞ்சைச் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கனுக்கு அது வேதியியலில் நெருங்கிய சொந்தம். இலையில் லாமினாரின் பட்டதும் பூஞ்சை வந்துவிட்டதாகவே செடி எடுத்துக்கொள்கிறது. பூஞ்சைச் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்சைம்கள் கூடுகின்றன. ஃபீனால் பொருட்கள் சேர்கின்றன. சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம் வழியாக மற்ற இலைகளுக்கும் செய்தி போகிறது. செம்பாசியின் கராகீனன், பச்சைப் பாசியின் அல்வான் ஆகியவையும் இப்படித் தூண்டக் கூடியவைதான்.

இது விளம்பரக் கதை இல்லை. அஸ்கோஃபில்லம் சாறு தெளித்த கேரட்டில் ஆல்டர்னேரியாவும், போட்ரைட்டிஸ் பூஞ்சையால் வரும் சாம்பல்நிற அழுகலும் குறைந்தன, வெள்ளரியிலும் பல பூஞ்சை நோய்கள் குறைந்தன, ட்ரினிடாடில் வயலில் வளர்ந்த தக்காளியிலும் முன்பருவக் கருகல் குறைந்தது என்றெல்லாம் ஆய்வுகள் வந்திருக்கின்றன. லாமினாரின் திராட்சையில் அடிச்சாம்பலையும் சாம்பல்நிற அழுகலையும் குறைத்ததாக 2003-ல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாமினாரினைப் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாகவே அங்கீகரித்திருக்கிறார்கள். நம் கப்பாஃபைகஸ் சாறு தக்காளியின் தற்காப்பு மரபணுக்களைத் தூண்டுவதை பாவ்நகர் நிறுவனத்தாரே காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஆய்வுகளைக் கவனமாகப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் சாற்றை முதலில் தெளிக்கிறார்கள், சில நாள் கழித்துத்தான் நோயைச் செலுத்துகிறார்கள். என்சைம்கள் சேர நேரம் வேண்டும். அதனால்தான் புள்ளி விழுந்த பிறகு பாட்டிலைத் தேடி ஓடுவதில் பயனில்லை. அது போக, பலன் முழுதாகவும் இருப்பதில்லை. நோய் குறைகிறது, நிற்பதில்லை. நோய் அழுத்தம் மிதமாக இருக்கும்போது அந்தக் குறைவே போதுமானதாக இருக்கும். விடாத மழையில் பைட்டோப்தோரா வரும்போது போதாது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. தற்காப்புக்குச் செடி தன் சொந்தச் சத்தைத்தான் செலவழிக்கிறது. தென்னை நார்க் கழிவு மட்டும் நிரப்பிய பையில் பசியோடு நிற்கும் தக்காளிக்குச் சாறு அடித்தால் அதனிடம் செலவழிக்க என்ன இருக்கிறது? அந்தப் பைக்கு முதலில் மண்புழு உரம் வாங்கிப் போடுங்கள்.

லேபிளைப் படிக்கும் விதம்

கடையில் நிற்கும்போது உதவுகிற ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ஐத் திருத்தி, உயிர் ஊக்கிகள் என்ற புது வகையைச் சேர்த்தது. கடற்பாசிச் சாறு அந்த வகையில் வருகிறது. சத்தை எடுக்க, வளர, வறட்சி மாதிரியான நெருக்கடியைத் தாங்க உதவும் பொருள் என்று அதைச் சொல்லலாம். பூஞ்சைக் கொல்லி என்று சொல்ல முடியாது. பூஞ்சைக் கொல்லி என்றால் அது பூச்சிமருந்துச் சட்டம் 1968-ன் கீழ் பதிவாகி, பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும்.

ஆக, உயிர் ஊக்கி என்று ஒரு மூலையில் அச்சடித்துவிட்டு முன்பக்கம் பெரிதாக "சகல பூஞ்சை நோய்களும் தீரும்" என்று போட்டிருக்கும் பாட்டிலை அப்படியே திருப்பி வைத்துவிடலாம். அதில் வேறு ஏதாவது மருந்து சொல்லாமல் கலந்திருக்கலாம், அல்லது வெறும் நிறநீராக இருக்கலாம். இரண்டும் நமக்கு வேண்டாம். எந்தப் பாசி, எத்தனை சதவீதம், தயாரித்த தேதி, எப்போது வரை பயன்படுத்தலாம், இவை நான்கும் தெளிவாக இருக்கும் பாட்டிலை மட்டும் எடுங்கள். பாசியின் பெயரே இல்லாமல் "கடல் சத்து" என்று மட்டும் போட்டிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

அளவு பெரும்பாலான லேபிள்களில் லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி. முப்பது பை இருக்கும் மாடிக்குக் கைத்தெளிப்பானில் மூன்று லிட்டர் கரைசல் தாராளம். அதற்கு 9 மில்லி போதும். கால் லிட்டர் பாட்டில் ஒன்று இருபத்தைந்து முறைக்கு மேல் வரும். அதனால் "ஒரு லிட்டர் எடுத்தால் லாபம்" என்று கடைக்காரர் சொன்னாலும் மாடிக்குக் கால் லிட்டரே போதும், திறந்த பாட்டில் நாளாக ஆகப் புளித்துக் கெடும். வயலுக்குக் கணக்கு வேறு. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு தெளிப்புக்கு அரை லிட்டர் ஆகிவிடும். பத்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை அடிக்கும்போது பருவம் முழுக்க எவ்வளவு ஆகும் என்று மாமா கணக்குப் போட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பழுப்புப் பாசியின் அல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்தால் கூழாகத் திரண்டுவிடும். பெங்களூரின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினநீர். கரைசலில் திப்பி திப்பியாக மிதந்தால் தெளிப்பான் மூக்கு அடைக்கும், மருந்தும் வீண். காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ நல்லது. அதே காரணத்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு இதைக் கலக்கவே கூடாது.

நுண்ணுயிர்ப் பொடிகள்: மலிவு, ஆனால் உயிருள்ள சரக்கு

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழகின பெயர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஎஃப்1 என்ற சூடோமோனாஸ் ரகம் நெல், வாழை, காய்கறி என்று பரவலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடற்பாசிச் சாற்றோடு நேரடியாக ஒப்பிட வேண்டியது இவற்றைத்தான், ஏனென்றால் இரண்டும் ஒரு பாதி வேலையில் ஒன்றுகின்றன. வேரில் குடியேறும் சூடோமோனாஸும் செடியின் தற்காப்பை உசுப்பி விடுகிறது, அந்தச் செய்தி இலை வரை போகிறது. கூடுதலாக, மண்ணில் இருக்கும் நோய்ப்பூஞ்சையோடு நேரடியாகவும் மோதுகிறது. டிரைக்கோடெர்மா இன்னும் ஒரு படி மேலே. மற்றப் பூஞ்சையின் இழையைச் சுற்றிப் பிடித்து அதையே தின்னும்.

நாற்றழுகல், வேரழுகல், வாடல் ஆகியவற்றுக்கு என்னைக் கேட்டால் கடற்பாசிச் சாற்றை யோசிக்கவே வேண்டாம், டிரைக்கோடெர்மாதான். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம். மண்ணுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை இருபது கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் மூடி வைத்துப் போடலாம். உரத்தில் வெள்ளையும் பச்சையுமாக இழை ஓடியிருந்தால் சரக்கு உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். சூடோமோனாஸ் என்றால் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம்.

குறை என்னவென்றால், இது உயிருள்ள பொருள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் பாக்கெட்டில் உயிர் இருக்காது. தயாரிப்புத் தேதியையும், ஒரு கிராமில் எத்தனை உயிரணு என்ற எண்ணையும் பாருங்கள். சூடோமோனாஸ் என்றால் 1-க்குப் பின்னால் எட்டு சுழியம் வர வேண்டும், அதாவது பத்துக் கோடி. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் உடனே கரைக்காதீர்கள். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு மறுநாள் சாயங்காலம் தெளியுங்கள், வெயில் இந்த பாக்டீரியாவுக்கு ஆகாது.

விலையைப் பார்த்தால் பொடிதான் மலிவு. ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் மாடித்தோட்டக்காரருக்கு நான் சொல்வது சூடோமோனாஸ். கடற்பாசி அதற்கு அடுத்தது.

தாமிரமும் கந்தகமும்

இவற்றை ஒதுக்கித் தள்ளும் இயற்கை விவசாய நண்பர்கள் எனக்கு நிறையப் பேர். அவர்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் ஆனேக்கலில் செப்டம்பர் மழையில் தக்காளி நிற்கும்போது தாமிரம் இல்லாமல் தப்பிக்கலாம் என்று மாமாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போர்டோ கலவை 1880களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பலுக்கென்று பிறந்தது. ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்த பிறகு பளபளவென்று தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிச்சம் இருக்கிறது, அப்படியே அடித்தால் இலை பொசுங்கும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, கத்தி சுத்தமாக வரும் வரை பார்க்க வேண்டும். அன்றே கலந்து அன்றே தெளிக்க வேண்டும், மறுநாளுக்கு வைக்க முடியாது. இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கடையில் கிடைக்கும், லிட்டருக்கு 2.5 முதல் 3 கிராம்.

தாமிரம் இலை மேல் உட்கார்ந்து, விழும் நோய் வித்து முளைக்காமல் தடுக்கிறது. உள்ளே போகாது. அதனால் இதையும் நோய்க்கு முன்பேதான் அடிக்க வேண்டும், பலத்த மழை அடித்தால் மறுபடி அடிக்க வேண்டும். கடற்பாசியும் முன்பே, தாமிரமும் முன்பே என்றால் வித்தியாசம் என்ன என்று கேட்கலாம். தாமிரத்தில் செடியின் தெம்பைச் சார்ந்து எதுவும் இல்லை. வாடிய செடி, பசித்த செடி, எதுவானாலும் இலை மேல் படலம் இருக்கும் வரை காவல் இருக்கும். பின்பருவக் கருகல் மாதிரி வேகமான நோய்க்கு அந்த உறுதி தேவை.

வந்தே விட்டால் உள்ளே ஊடுருவும் மருந்து வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை. தென்னிந்தியத் தக்காளியில் பின்பருவக் கருகல் கடுமையாக வந்தபோது ஹெசரகட்டாவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். ஐரோப்பாவில் பரவியிருந்த 13_ஏ2 என்ற வம்சம்தான் இங்கே வந்திருக்கிறது என்று கண்டார்கள். மெட்டலாக்ஸில் என்ற பழகின மருந்துக்கு அது அடங்காது. ஆகவே கடையில் பழக்கத்துக்கு எடுத்துக் கொடுப்பதை வாங்காமல், இந்தப் பருவத்தில் எது கேட்கிறது என்று தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் விசாரித்து வாங்குங்கள்.

மாடிக்குத் தாமிரத்தை நான் பரிந்துரைப்பதில்லை. தாமிரம் மக்காது, மண்ணிலேயே சேரும். பத்துக் கிலோ மண் இருக்கும் பையில் வருடா வருடம் அதே மண்ணைத் திரும்பப் பயன்படுத்துகிறோம். மண்புழுவும் நுண்ணுயிரும் அந்தப் பையில் படிப்படியாகக் குறையும். மாடியில் பின்பருவக் கருகல் வந்தால் அந்தச் செடியைப் பிடுங்கி மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துவதே சரியான வைத்தியம், இருபது பைகளைக் காப்பாற்ற இரண்டைக் கொடுக்கலாம்.

கந்தகம் சாம்பல் நோய்க்கு மட்டும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், இளவெயிலில். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். கடும் வெயில் நாளிலும் வேண்டாம். பெங்களூரின் டிசம்பர், ஜனவரிக்கு இது பொருத்தமான மருந்து.

அடுக்களையில் இருப்பவை

புளித்த மோர், பால் தண்ணீர் ஆகியவற்றைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து சதவீதம் பால் கலந்த தண்ணீர் சுக்கினியின் சாம்பல் நோயைக் குறைத்ததை 1999-ல் பிரேசில் ஆய்வு ஒன்று காட்டியது. மாடியில் பாகல் கொடிக்கு வாரம் ஒரு முறை அடிக்கலாம். கருகல் நோய்களுக்கு இதை நம்பி இருக்காதீர்கள். சமையல் சோடா அடிக்கடி அடித்தால் பையில் சோடியம் சேரும், அதனால் நான் தவிர்க்கிறேன்.

பணத்தை எங்கே போடுவது

மாமாவுக்கு நான் முதலில் சொன்னது விதையைப் பற்றி. ஹெசரகட்டாவில் உருவாக்கிய அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். அதற்குப் பின் வந்த அர்கா அபேத் பின்பருவக் கருகலையும் சேர்த்துத் தாங்கும். எதிர்ப்பு விதைக்குள்ளேயே இருந்தால் தெளிப்பின் எண்ணிக்கை தானாகக் குறையும். விதைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, மருந்துக் கடையில் கொடுப்பதை விட எனக்கு நியாயமாகப் படுகிறது. நிறுவனத்திலேயே விதை விற்கிறார்கள், இணையத்திலும் வாங்கலாம்.

அடுத்தது குச்சி கட்டிச் செடியைத் தூக்கி நிறுத்துவது, அடி இலைகளை முழங்கால் உயரம் வரை கிள்ளி எடுப்பது, சொட்டுநீர், மண் தெறிக்காமல் மூடாக்கு. இலை சீக்கிரம் காய்ந்தால் பூஞ்சை வித்து முளைக்க ஈரம் கிடைக்காது. இதில் செலவு கூலி மட்டும்தான்.

அதன் பிறகு நாற்றங்காலிலும் நடவிலும் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ். கடற்பாசிச் சாறு நடவு செய்து பதினைந்தாம் நாள், பூக்கும் முன், பிஞ்சு பிடிக்கும்போது என்று மூன்று முறை போதும். வானிலை அறிக்கையில் தொடர் மழை தெரிந்தால் மூன்று நான்கு நாள் முன்னதாகவே அடித்துவிட வேண்டும். மழை உண்மையிலேயே இறங்கி, ராத்திரி குளிர்ந்தால் தாமிரத்துக்கு மாறிவிட வேண்டும், தயக்கமே வேண்டாம். பருவம் முழுக்கப் பத்து நாளுக்கொரு முறை சாறு அடிக்கும் கணக்கை ஒப்பிட்டால் இது பாதிக்கும் கீழே.

திராட்சைக்காரர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபூர் பக்கம் பெங்களூர் ப்ளூ ரகத் திராட்சை வைத்திருப்பவர்களுக்கு அடிச்சாம்பல் வருடா வருடம் வரும் விருந்தாளி, அவர்கள் மருந்தடிக்கும் எண்ணிக்கையும் அதிகம். இரண்டு ரசாயனத் தெளிப்புகளுக்கு நடுவே ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் கடற்பாசியை வைத்துப் பார்க்க அங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது. அறுவடை நெருங்கும்போது பழத்தில் தங்கும் மருந்து எச்சத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அடிக்கக் கூடிய பொருள் என்பதும் அதற்கு ஒரு பலம். ஓசூர் ரோஜாவுக்கும் இதே யோசனைதான்.

மாடிக்காரர்கள் நல்ல ரக விதை, மண்புழு உரம், சூடோமோனாஸ், கால் லிட்டர் கடற்பாசிச் சாறு, குளிர்காலத்துக்குக் கொஞ்சம் நனையும் கந்தகம் என்று வாங்கினால் வருடம் ஓடிவிடும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் சாறு தேவையே இல்லை, நோய் வருவதற்குள் அறுத்துவிடுவோம்.

ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்யுங்கள். வயலில் இரண்டு வரிசை, மாடியில் மூன்று நான்கு பை, கடற்பாசி அடிக்காமல் விட்டு அதே இடத்தில் வெறும் தண்ணீர் தெளியுங்கள். மற்ற எல்லாப் பராமரிப்பும் ஒன்றாக இருக்கட்டும். அடித்த வரிசையில் முதல் புள்ளி எந்தத் தேதி, அடிக்காத வரிசையில் எந்தத் தேதி, அறுவடையின்போது எத்தனை இலை மிச்சம் என்று காலண்டரிலேயே எழுதி வையுங்கள். மாமா மேற்கு ஓரத்து இரண்டு வரிசையை விடுவதாகச் சொல்லியிருக்கிறார். "ஓரத்து வரிசைக்குக் காத்து நல்லா வரும் மாமா, நோயும் அங்கே கம்மியாத்தான் இருக்கும், நடுவுலயும் ரெண்டு வரிசை விடுங்க" என்று சொல்லி வைத்தேன்.